பானெட்டுக்குள் பார்க்க வேண்டியவை: புதிதாகக் கார் வாங்கியவருக்கு

சர்வீசுக்கு விட்டால் அவர்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள் என்பது பாதி உண்மைதான். ஒரு சர்வீசுக்கும் அடுத்ததற்கும் இடையே 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்பது இப்போது பல கார்களுக்கு வழக்கமாகிவிட்டது. அந்த இடைவெளியில் ஆயில் எவ்வளவு குறைந்தது, எந்த ஹோஸ் கசியத் தொடங்கியது, எந்த வயரை எலி கடித்தது என்று கவனிக்க வண்டி வைத்திருப்பவரை விட்டால் ஆள் கிடையாது. மாதம் இருமுறை கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். நீண்ட பயணத்துக்கு, குறிப்பாக ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பாதைகளுக்குக் கிளம்பும் முன் மட்டும் ஒருமுறை கூடுதலாகப் பார்த்துவிட வேண்டும்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்ததை ஊற்றி நிரப்புவது இந்த வேலையில் சிறு பங்குதான். ஏன் குறைந்தது என்று கேட்பதே பெரும் பங்கு. டாஷ்போர்டு அறையில் ஒரு சிறு நோட்டு வைத்து, பார்த்த தேதி, ஓடோமீட்டர் எண், ஊற்றிய அளவு ஆகிய மூன்றை மட்டும் எழுதி வந்தால், ஆறு மாதத்தில் உங்கள் வண்டியைப் பற்றி வேறு யாரையும்விட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும். இங்கே நான் எடுத்துக்கொள்வது கையால் கியர் மாற்றும் சாதாரணச் சிறிய பெட்ரோல் கார். மற்ற வகைகளுக்குரிய வேறுபாடுகளை ஆங்காங்கே சொல்கிறேன். உங்கள் வண்டியின் கையேடு வேறு விதமாகச் சொன்னால் கையேடு சொல்வதையே கேளுங்கள்.

திறப்பதற்கு முன்

இதற்கு ஏற்ற நேரம் விடியற்காலை. இரவு முழுவதும் நின்ற எஞ்சின் குளிர்ந்திருக்கும்; கத்திரி வெயில் மாதத்திலும் அந்நேரத்தில் நிதானமாக வேலை செய்யலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டியாக இருந்தால் சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுவது நல்லது. ஹைபிரிட் வண்டிகளில் சத்தமே இல்லாமல் மின்னிணைப்பு விழித்திருந்து, எதிர்பாராத நேரத்தில் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும் வாய்ப்பு உண்டு.

உடையைப் பற்றியும் ஒரு சொல். தோளில் கிடக்கும் துண்டு, துப்பட்டா, முந்தானை, குனிந்தால் தொங்கும் கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் இவையெல்லாம் சுழலும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் இரை. மோதிரத்தையும் உலோக வளையல்களையும் கழற்றி வைத்துவிட வேண்டும். அதன் காரணம் பேட்டரியிடம் போகும்போது விளங்கும். எஞ்சின் நின்றுவிட்டதாலேயே எல்லாம் நின்றுவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி வெப்பத்தை உணர்ந்து, எஞ்சினை அணைத்த பிறகும் சுழலத் தொடங்கலாம். அதன் சிறகுகளுக்கிடையே எந்தக் காரணம் கொண்டும் விரலை விடாதீர்கள்.

தேவையான பொருள்கள் கொஞ்சம்தான். பஞ்சுபோல நூல் பிரியாத பழைய பனியன் துணி இரண்டு, கழுத்து நீண்ட புனல், டார்ச், ரப்பர் கையுறை, ஒரு பக்கெட் தண்ணீர். உதிரிக்கடையில் கட்டாக விற்கும் பனியன் வேஸ்ட் இதற்கு நன்றாக உதவும்.

பானெட்டைத் திறக்கும் நெம்பு பெரும்பாலும் ஓட்டுநரின் வலக்கால் பக்கம், டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும். அதை இழுத்ததும் பானெட் ஓரங்குலம் எழும்பி நிற்கும். முழுவதுமாகத் திறக்க, முன்விளிம்பின் நடுவே இடுக்கில் விரலை விட்டுக் கொக்கியை நகர்த்த வேண்டும். புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறி, பலம் கொண்டு தூக்கப் பார்ப்பார்கள். கொக்கி விலகிவிட்டால் பானெட் எளிதாக எழும். பிறகு தாங்கு கம்பியை அதற்குரிய துளையில் சரியாகச் சொருகி, ஒருமுறை லேசாக அசைத்துப் பார்த்த பின்னரே தலையை உள்ளே நீட்டுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் அந்தத் துளையில் பாதியளவே சொருகிய கம்பி நழுவக்கூடும்.

கை வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் வெறுமனே பாருங்கள், முகருங்கள். பெட்ரோல் நெடி அடித்தால் எதையும் தொடாமல், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழைப்பதே சரி. ஈரம், புதிதாகப் படிந்த எண்ணெய்க் கறை, எலிப் புழுக்கை, கடித்துத் துப்பிய வயர்த் துணுக்கு ஆகியவற்றை டார்ச் வெளிச்சத்தில் தேடுங்கள். எலியை விரட்டப் புகையிலையைத் துணியில் முடிந்து எஞ்சினருகே கட்டி வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. எலி போகிறதோ இல்லையோ, அந்த முடிச்சு அவிழ்ந்து சூடான புகைக்குழாயின் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எஞ்சின் ஆயில்

புதியவர் முதலில் பழக வேண்டியது இதைத்தான். எஞ்சினின் பக்கவாட்டில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற வளையம் ஒன்று தலை நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பி. சில தயாரிப்பாளர்கள் எஞ்சின் சூடாக ஓடி நின்று ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். சிலர் குளிர்ந்த நிலையில் பார்க்கச் சொல்கிறார்கள். எதுவானாலும் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகப் பாருங்கள். அப்போதுதான் இந்த மாத அளவைப் போன மாத அளவோடு ஒப்பிட முடியும்.

வளையத்தைப் பிடித்து மெதுவாக உருவுங்கள். முதலில் வரும் கோடு பொய் சொல்லும். வண்டி ஓடும்போது சிதறிய ஆயில் குழலின் உள்சுவரில் ஒட்டியிருந்து கம்பியின் மேல்பகுதி வரை பூசிவிட்டிருக்கும். கம்பியைத் துணியால் நுனிவரை துடைத்து, குழலுக்குள் முட்டும் வரை இறக்கி, இரண்டு நொடி விட்டு மறுபடி உருவிப் படுக்கைவாட்டில் பிடித்துப் பாருங்கள். நுனியருகே இரண்டு துளைகளோ, இரண்டு கோடுகளோ, குறுக்குக்கோடு போட்ட பட்டையோ இருக்கும். ஈரம் அவ்விரண்டுக்கும் நடுவே எங்கு முடிந்தாலும் கவலையில்லை. புது ஆயில் தேன் நிறத்தில் இருப்பதால் எல்லை சட்டென்று தெரியாது; கம்பியைச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினால் மினுமினுப்பு நிற்கும் இடம் தெரியும்.

நிறம் கறுத்திருப்பதைக் கண்டு பதற வேண்டாம். ஆயிலின் வேலைகளில் ஒன்று கரியையும் அழுக்கையும் தன்னுள் வாங்கிக்கொள்வது. டீசல் வண்டியில் மாற்றிய சில நாள்களிலேயே மை போலாகிவிடும். அஞ்ச வேண்டியது வேறொரு நிறத்துக்கு. பால் ஊற்றிய காபி போலக் கம்பியில் வெளிறிய குழம்பு ஒட்டியிருந்தால், ஆயிலுடன் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கலந்திருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் ஊட்டி போன்ற குளிர்ந்த ஊரில் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில், ஆயில் ஊற்றும் வாயின் மூடிக்கு அடியில் மட்டும் மெல்லிய ஆடைபோல் படிவது பெரும்பாலும் குளிர்ந்து படிந்த நீராவிதான்.

அளவு கீழ்க்கோட்டை நெருங்கியிருந்தால் ஊற்றலாம். எந்த ஆயில் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள். கையேட்டில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று தெளிவாக அச்சிட்டிருக்கும். டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் எஞ்சின் சூடேறிய நிலையில் அதன் பிசுப்பையும் காட்டுகின்றன. கெட்டியான ஆயில் நம் வெயிலுக்கு நல்லது என்பது பழைய எஞ்சின்களின் காலத்துப் பேச்சு. இன்றைய எஞ்சின்களின் நுண்ணிய இடைவெளிகள் மெல்லிய ஆயிலைக் கணக்கில் கொண்டே செய்யப்படுகின்றன.

டிப்ஸ்டிக் குழலில் ஊற்ற முயல்பவர்களும் உண்டு. ஊற்றும் வாய், எஞ்சினின் உச்சியில் எண்ணெய்க் கிண்டியின் படம் போட்ட திருகுமூடிக்குக் கீழே இருக்கிறது. இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட அளவு பல வண்டிகளில் சுமார் ஒரு லிட்டர், சிறிய எஞ்சின்களில் அதற்கும் குறைவு. ஆகையால் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி அளவுக்கு ஊற்றி, அது அடித்தொட்டிக்கு இறங்கச் சில நிமிடங்கள் காத்திருந்து, மீண்டும் கம்பியைப் பாருங்கள். மேல்கோட்டைத் தொட வேண்டும் என்ற அவசியமில்லை. கோட்டைத் தாண்டினால் எஞ்சினின் அடிப்பகுதியில் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடிபட்டு அதை நுரைக்க வைக்கும். நுரையால் உராய்வைத் தடுக்க முடியாது, சீல்களிலும் கசிவு தொடங்கும். குறைவாக ஊற்றிவிட்டால் பிறகு சேர்க்கலாம். கூடிவிட்டால் அடியிலிருந்து வடிக்கத்தான் வேண்டும்.

இங்கே என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். முதன்முறை நானே ஆயில் ஊற்றிய அன்று, திருகுமூடியைப் பேட்டரியின் மேல் வைத்துவிட்டுப் பானெட்டை மூடிக் கிளம்பிவிட்டேன். மேட்டுப்பாளையம் சாலையில் பத்து கிலோமீட்டர் போனதும் வண்டிக்குள் தீய்ந்த எண்ணெய் வாசம். திறந்து பார்த்தால் எஞ்சின் முழுக்க அபிஷேகம் நடந்திருந்தது; மூடி மட்டும் பேட்டரி மேலேயே பத்திரமாக இருந்தது. அன்றிலிருந்து கழற்றும் எந்த மூடியையும் கார்ச் சாவியோடு சேர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். சாவியைத் தேடும்போது மூடியும் கைக்கு வந்துவிடும்.

ஆயிரம் கிலோமீட்டருக்குள் மீண்டும் ஊற்ற வேண்டியிருந்தால் காரணம் தேடுங்கள். வண்டிக்கு அடியில் சொட்டு விழுந்தால் கசிவு. புகைக்குழாயில் நீலம் கலந்த புகை வந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது. இதற்கு நேர்மாறான ஒரு விந்தையும் உண்டு. 2020க்குப் பின் வந்த பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில், புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசலில் கொஞ்சம் ஆயிலில் இறங்கி, அளவு கூடிக்கொண்டே போகலாம். டிப்ஸ்டிக்கில் அளவு ஏறுவதைக் கண்டு மகிழாமல் ஒர்க்‌ஷாப்புக்குச் செல்லுங்கள். டாஷ்போர்டில் கிண்டி வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால் அது ஆயில் அழுத்தம் இல்லை என்ற எச்சரிக்கை. பாதுகாப்பாக ஓரங்கட்டி அந்தக் கணமே எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

கூலன்ட்

பானெட்டுக்குள் மனிதரை அதிகமாகப் புண்படுத்துவது இதுதான். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைக் காத்து நிற்கும் வால்வு. அந்த அழுத்தத்தால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் திரவமாகவே சுற்றிவருகிறது. சூடான நிலையில் மூடியைத் திருகினால் அழுத்தம் சட்டென்று விழுந்து, அதுவரை அடங்கியிருந்த திரவம் ஒரே நொடியில் ஆவியாகிப் பீய்ச்சும். திறப்பவரின் முகமும் மார்பும் நேர் எதிரே இருக்கும். மலையேறும்போது வண்டி சூடாகி நின்றால் பலரும் பதற்றத்தில் செய்வது இதைத்தான்.

நல்ல வேளையாக, அளவு பார்க்க மூடியைத் திறக்கவே வேண்டாம். பக்கத்தில் உள்ள வெண்மையான பிளாஸ்டிக் தொட்டியின் சுவரிலேயே மேல்கோடும் கீழ்க்கோடும் இருக்கும்; குளிர்ந்த எஞ்சினில் திரவம் அவற்றுக்கு இடையே நிற்க வேண்டும். உள்ளே தெரியவில்லையென்றால் தொட்டிக்குப் பின்னால் டார்ச்சைப் பிடியுங்கள். ஊற்ற வேண்டுமானால், முதலில் மேல் ரேடியேட்டர் ஹோஸின் மேல் புறங்கையை அருகில் கொண்டுபோய் வெப்பம் வருகிறதா என்று உணருங்கள். வெப்பம் இல்லையென்றால் விரலால் அமுக்குங்கள். இளகிக் கொடுக்க வேண்டும், விறைத்திருக்கக் கூடாது. சில வண்டிகளில் பிளாஸ்டிக் தொட்டியே அழுத்தத்துக்குள் இருப்பதால் அதன் மூடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தடித்த துணியை மூடிமேல் போர்த்தி, முகத்தை விலக்கி, கால் திருப்பு மட்டும் திருப்புங்கள். உஸ்ஸென்று சத்தம் வந்தால் உடனே மூடிவிட்டு இன்னும் ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

பச்சை, சிவப்பு, நீலம் என்று கூலன்ட் பல நிறங்களில் விற்கிறது. நிறத்துக்கென்று பொது விதி எதுவும் இல்லை; ஒரே நிறமுள்ள இரண்டு கூலன்ட்கள் வெவ்வேறு வேதிப்பொருள்களால் ஆனவையாக இருக்கலாம். கையேட்டில் சொன்ன வகையையே வாங்குங்கள். அப்படியே ஊற்றக்கூடியதா, தண்ணீர் கலக்க வேண்டியதா என்று டப்பாவைப் படித்துப் பாருங்கள். கலக்க வேண்டுமென்றால் டிஸ்டில்டு வாட்டர்தான். போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரின் குறுகிய குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். வழியில் வேறு வழியின்றித் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் கேன் தண்ணீர் ஓரளவு மேல். ஆனால் எஞ்சின் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும், ஊர் திரும்பியதும் கூலன்ட்டை மாற்றிவிட வேண்டும்.

பெரும்பாலான கூலன்ட்களில் எத்திலீன் கிளைகால் இருக்கிறது. அது இனிக்கும் நஞ்சு. தரையில் சிந்தியதை நாயும் பூனையும் நக்கிச் சாகும். சிந்தியதை உடனே துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மீந்ததைக் குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் பெரும் ஆபத்து. யாரேனும் குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திராமல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பிரேக் ஆயில்

எல்லோரும் பிரேக் ஆயில் என்று அழைத்தாலும் இது எண்ணெய் அன்று. ஓட்டுநர் பக்கம், கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் சிறிய வெண்தொட்டியில் இருக்கும். இங்கே நான் புதியவருக்குச் சொல்லும் அறிவுரை சற்று விசித்திரமானது: பாருங்கள், ஊற்றாதீர்கள். பிரேக் பேடுகள் தேயத் தேயப் பிஸ்டன்கள் முன்னால் நகர்ந்து திரவத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் அளவு மெல்ல இறங்குவது இயல்பு. அதாவது தொட்டியின் அளவு பேடுகளின் ஆயுளைக் காட்டுகிறது. அதை நிரப்பிவிட்டால் அந்தச் செய்தி மறைந்துபோகும். கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டால் பேடுகளையும் கசிவையும் மெக்கானிக் பார்க்க வேண்டும். அளவு திடீரென்று இறங்கினாலோ, பெடல் பஞ்சு போல அமுங்கினாலோ வண்டியை எடுக்கவே கூடாது.

இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்ற பிரேக் திரவ வகையின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி; ஈரம் ஏறிய பின் 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது சூடேறிய திரவம் கொதித்துவிட்டால் அந்த வேறுபாடு பெடலில் தெரியும். ஆகவே சும்மா திறந்து பார்க்காதீர்கள், பாதி தீர்ந்த பழைய டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு இதில் விழுந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவாவிட்டால் அந்த இடம் உரிந்துவிடும்.

பேட்டரி, பெல்ட், வைப்பர்

பேட்டரியின் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் ஒரு ஸ்பானர் தொட்டால் பொறி பறக்கும். இடையில் அகப்படும் மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுடும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதால் அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. டெர்மினலில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். முதலில் நெகடிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, மாட்டும்போது வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். சமையல் சோடா கலந்த வெந்நீரில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, கொஞ்சம் வாசலின் பூசுங்கள். மூடிகள் திறக்கக்கூடிய பழைய வகையாக இருந்தால், உள்ளிருக்கும் தகடுகள் மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் சேர்க்கலாம். ஆசிட் சேர்க்கக் கூடாது. கண்ணிலோ தோலிலோ தெறித்தால் பக்கெட் தண்ணீர் தயாராக இருக்கிறது. நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

பெல்ட்டை எஞ்சின் அணைந்திருக்கும்போது மட்டும் பாருங்கள்; ஓரம் பிசிறியிருந்தாலோ, உட்பக்கம் வெடித்திருந்தாலோ மாற்றும் வேளை வந்துவிட்டது. வைப்பர் தொட்டியின் மூடியில் கண்ணாடியில் நீர் பீய்ச்சும் படம் இருக்கும். அதில் வைப்பருக்கான திரவத்தையோ சுத்தமான தண்ணீரையோ ஊற்றுங்கள்; அவசரத்தில் இதைக் கூலன்ட் தொட்டி என்று மயங்குபவர்கள் இருக்கிறார்கள். பவர் ஸ்டீயரிங் ஆயிலைத் தேடி அலைய வேண்டாம். இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங் மின்மோட்டாரால் இயங்குவதால் அந்தத் தொட்டியே கிடையாது. ஹைபிரிட் வண்டிகளில் உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிற உறையிட்ட தடித்த கேபிள்கள், சிஎன்ஜி குழாய்கள் இரண்டையும் தொடவே கூடாது.

மூடும்போது

துணி, புனல், டார்ச் மூன்றையும் எண்ணி வெளியே எடுங்கள். தாங்கு கம்பியை அதன் கிளிப்பில் மடக்கி, பானெட்டை ஓரடி உயரம் வரை இறக்கி அங்கிருந்து கையை விடுங்கள். தன் எடையிலேயே பூட்டிக்கொள்ளும். நடுவில் கை வைத்து அழுத்தினால் மெல்லிய தகட்டில் குழி விழும். முன்விளிம்பைத் தூக்கிப் பார்த்து முழுவதும் பூட்டியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பாதி பூட்டிய பானெட் நெடுஞ்சாலைக் காற்றில் எழும்பிக் கண்ணாடியை மறைத்துவிடும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் டப்பாவில் சேர்த்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

அன்றிரவு வண்டி நிற்கும் இடத்தில் எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் பழுப்போ கறுப்போ சொட்டியிருந்தால் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ வழவழத்தால் கூலன்ட். நிறமும் மணமும் இல்லாமல் வெறும் ஈரமாக இருந்தால் அது முந்தைய நாள் ஓடிய ஏசியின் தண்ணீர்தான். மழைக்காலமென்றால் ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். கதகதப்புக்காக உள்ளே படுத்திருக்கும் பூனை இறங்கி ஓட அதற்கு அவ்வளவு அவகாசம் போதும்.